மகளுடன் ஒரு வெளிநாட்டுப் பயணம்: மூத்த தம்பதியர் புறப்படும் முன்

பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீட்டுக் கடன் எனக் கடமைகள் ஒவ்வொன்றாக நிறைவேறிய பின், "ஒருமுறை வெளிநாடு சென்று பார்த்து வரலாமே" என்னும் எண்ணம் பல இல்லங்களில் எழுகிறது. பெரும்பாலும் அந்தப் பேச்சைத் தொடங்குபவர் பணியில் இருக்கும் மகளாகவே இருப்பார். பயணச்சீட்டு, விடுதி, விசா அனைத்தையும் அவரே ஏற்பாடு செய்துவிடுவார். "எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொள்வாள்" என்று பெற்றோரும் நிம்மதியாகப் புறப்படுவர். அந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும், மூவரின் பணமும் ஆவணங்களும் ஒருவர் கையில் மட்டும் இருப்பது பாதுகாப்பானதா என்பதை வாசகர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தைக்கு வயது 68, ஓய்வூதியர். தாய்க்கு 64. மகள் பணியில் உள்ளவர். மூவரும் பத்து நாள் பயணமாகச் சுவிட்சர்லாந்து செல்கின்றனர். நான்காம் நாள், லூசெர்ன் ரயில் நிலையத்தில் மகளின் கைப்பை காணாமற் போகிறது. மூன்று பாஸ்போர்ட்டுகள், எல்லா அட்டைகள், கைபேசி ஆகியவை அந்தப் பையில்தான் இருந்தன. தந்தையின் பற்று அட்டை வீட்டு அலமாரியில் இருக்கிறது. தாய்க்கு அட்டையே கிடையாது. கையிலிருப்பது சில்லறை நாணயங்கள் மட்டுமே. அந்நிய மண்ணில் இத்தகைய நிலை ஏற்படாமல் காப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. புறப்படும் முன் சில மணி நேர ஆயத்தம் போதும்.

பணம் யார் பெயரில் செல்கிறது?

ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுச் செலவுகளுக்குப் பயன்படுத்தலாம். 2004ஆம் ஆண்டு இத்திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலராக இருந்தது. இவ்வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. பான் எண் கட்டாயம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, டிசிஎஸ் எனப்படும் மூலத்தில் வசூலிக்கப்படும் வரி. இத்திட்டத்தின்கீழ் தாமே பணம் அனுப்பிப் பயணத்தை அமைத்துக்கொள்வோருக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை இந்த வரி இல்லை. சுற்றுலா நிறுவனத்திடம் வெளிநாட்டுத் தொகுப்புப் பயணம் வாங்கினால், முதல் ரூபாயிலிருந்தே வரி வசூலிக்கப்படும். விகிதங்கள் வரவு செலவுத் திட்டத்தில் மாற்றப்படுவதுண்டு. ஆகவே முன்பதிவு செய்யும் நாளில் நடைமுறையில் உள்ள விகிதத்தைக் கேட்டறிவது நன்று.

இந்த வரி நம்மைவிட்டுப் போய்விடும் பணம் அன்று. செலுத்தியவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, அவருடைய வருமான வரியில் கழிக்கப்படும். மிகுந்தால் திருப்பித் தரப்படும். எனவே, பணம் யார் பெயரில் செலுத்தப்படுகிறது என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாத தந்தை செலுத்தினால், அத்தொகையைத் திரும்பப் பெற அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். மாதச் சம்பளம் பெறும் மகள் செலுத்தினால், தம் நிறுவனத்திடம் தெரிவித்து, சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியில் அதைச் சரிசெய்துகொள்ள 2024 அக்டோபர் முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

ரொக்கம் எவ்வளவு?

பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும்போது, ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளாக வாங்கலாம். எஞ்சியதை அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி வாங்க 50,000 ரூபாய்க்கு மேல் செலுத்துவதாயின், அதைக் காசோலை, அட்டை, வங்கிப் பரிமாற்றம் போன்ற வழிகளில்தான் செலுத்த வேண்டும்.

சுவிட்சர்லாந்து ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. ஆயினும் அதன் நாணயம் யூரோ அன்று, சுவிஸ் ஃபிராங்க். யூரோவை மட்டும் வாங்கிச் சென்றால் அங்கே மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும். இருமுறை மாற்றினால் இருமுறை இழப்பு. நம் நாட்டில் பழகிய யுபிஐ முறையை ஃபிரான்ஸ், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் சில இடங்களில் ஏற்கின்றனர்; பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தில் 2024 பிப்ரவரியில் இந்த வசதி தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பயணத்துக்கு அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

மூவருக்கும் தனித்தனி அட்டை

2020 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே வங்கியின் கைபேசிச் செயலி, இணைய வங்கி அல்லது கிளை வழியாக இயக்கிக்கொள்ள வேண்டும். அப்போதே நாளொன்றுக்கான உச்சவரம்பையும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை என்பதால் இவ்வரம்பு ஒரு காவலாக அமையும்.

தந்தையிடம் ஒன்று, தாயிடம் ஒன்று, மகளிடம் ஒன்று என அட்டைகள் பிரிந்திருக்கட்டும். இயன்றால் அவை வெவ்வேறு கணக்குகளைச் சார்ந்தவையாக இருப்பது நல்லது. இதுவரை ஏடிஎம் பக்கமே செல்லாத தாயாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே உள்ளூரில் இரண்டு மூன்று முறை அவரே பணம் எடுத்துப் பழகட்டும். ரகசிய எண்ணை அட்டையின் உறையிலோ கைபேசியிலோ எழுதி வைக்கக் கூடாது. மகளின் உதவி இருக்கும்போதே கற்றுக்கொண்டது, அவர் அருகில் இல்லாத வேளையில் கைகொடுக்கும்.

கடையில் அட்டையைக் கொடுக்கும்போது, "இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, ஃபிராங்கிலா?" என்று கருவியின் திரை கேட்கக்கூடும். ரூபாய் என்பது நமக்குப் பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் அந்த மாற்று விகிதத்தில் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் அடங்கியிருக்கும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

காப்பீடும் மருந்தும்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காக மட்டும் மிகக் குறைந்த கட்டணத்தில் ஒன்றை வாங்கிவிடாதீர்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை முன்பே இருந்தால், அவற்றை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கட்டணம் கூடுமே என்று மறைத்தால், இழப்பீடு கோரும் வேளையில் கோரிக்கை நிராகரிக்கப்படக்கூடும். முன்பே உள்ள நோய்க்கு எந்த அளவு பாதுகாப்பு உண்டு என்பதைப் பத்திரத்தில் படித்துப் பாருங்கள்.

மருந்துகளைப் பயண நாட்களைவிடச் சில நாட்களுக்கு அதிகமாகவே எடுத்து, கைப்பெட்டியில் வையுங்கள். மருந்தின் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரும் உள்ள மருத்துவர் சீட்டு உடனிருக்கட்டும். நம் ஊர் வணிகப் பெயரை அங்குள்ள மருந்தாளுநர் அறியாமல் இருக்கலாம்.

சுவிட்சர்லாந்து செல்வோர் பெரிதும் விரும்பும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1912இல் முழுமை பெற்ற அந்த ரயில் பாதை மலையைக் குடைந்து மேலே செல்கிறது. குறுகிய நேரத்தில் அவ்வளவு உயரத்தை அடைவதால் மூச்சுத் திணறலோ தலைச்சுற்றலோ ஏற்படலாம். இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும். மேலே சென்ற பின் மெதுவாக நடப்பதும், போதிய நீர் அருந்துவதும் உதவும். மலையேற இயலாத பெற்றோர் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. லூசெர்ன் ஏரியில் படகுப் பயணமும், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பாலமும் அவர்களுக்கு நிறைவளிக்கும். நாளொன்றுக்கு ஒரு முக்கிய இடம், பிற்பகலில் ஓய்வு என்று திட்டமிட்டால் மூவருக்கும் பயணம் இனிக்கும்.

ஓய்வூதியர் கவனத்துக்கு

ஓய்வூதியம் தொடர்ந்து வர, ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருள் 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதலே அளிக்கலாம். பயணம் இம்மாதங்களில் அமைந்தால், ஜீவன் பிரமாண் வசதி மூலம் கைபேசியில் முகத்தைப் பதிவு செய்தே மின்னணுச் சான்றிதழ் அளிக்க முடியும். எனினும், பயணத் தேதிகளை முடிவு செய்யும் முன் தங்கள் கிளையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைந்தால் என்ன செய்வது?

அட்டை தொலைந்ததும் செய்ய வேண்டிய முதற்செயல், அதை முடக்குவது. 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயினும், வங்கிக்குத் தெரிவித்த பின் நிகழும் இழப்புக்கு அவர் பொறுப்பாகார். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து அழைக்கக்கூடிய வங்கி எண்ணை மூவரும் தாளில் எழுதித் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். இந்தியக் கைபேசி எண்ணுக்குச் சர்வதேச ரோமிங் வசதி இருந்தால்தான் வங்கியின் குறுஞ்செய்திகள் வந்து சேரும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர்க் காவல் துறையில் புகார் அளித்து, அதன் நகலுடன் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். சுவிட்சர்லாந்தில் அது பெர்ன் நகரில் உள்ளது. பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொருவரும் வைத்திருப்பது அவ்வேளையில் பெரிதும் உதவும். ஐரோப்பாவின் பொது அவசர உதவி எண் 112. சுவிட்சர்லாந்தில் ஆம்புலன்ஸுக்கு 144.

திரும்பிய பின்

மீதமுள்ள வெளிநாட்டு நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அட்டைகளின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டு, கணக்கு அறிக்கையை வரி வரியாகச் சரிபாருங்கள்.

மீண்டும் அந்த லூசெர்ன் ரயில் நிலையத்துக்கு வருவோம். மகளின் கைப்பை தொலைந்துவிட்டது. ஆனால் தந்தை தம் சட்டைப் பையிலிருந்து வங்கி எண் எழுதிய தாளை எடுத்து, அருகிலிருந்தவரின் கைபேசியில் அழைத்து மகளின் அட்டைகளை முடக்குகிறார். தாய் தம் அட்டையைக் கொண்டு அருகிலுள்ள ஏடிஎம்மில் பணம் எடுக்கிறார். பெற்றோரின் பாஸ்போர்ட்டுகள் அவர்களிடமே உள்ளன. ஒரு நாள் காவல் நிலையத்திலும் தூதரகத்திலும் கழிகிறது. அதன் பின் பயணம் தொடர்கிறது. பல ஆண்டுகளாகப் பெற்றோரை நம்பி நடந்த மகள், அன்று ஒருநாள் மீண்டும் அவர்களை நம்பி நிற்க முடிகிறது.

அத்தகைய ஆயத்தத்துடன் புறப்படும் வாசகர்களுக்கு எங்கள் நல்வாழ்த்துகள்.