எலும்பு முறிவதன் கணக்கு

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், தெற்குக் கொல்கத்தாவில் தேசப்பிரியா பூங்கா அருகே வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராம் வண்டியில் அடிபட்டார். காறை எலும்பு, விலா எலும்புகள், தொடை எலும்பு யாவும் முறிந்தன. 22-ஆம் நாள் சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் காலமானார். டிராமோ மெதுவாகச் செல்லும் வண்டி. அது ஓர் ஆளைக் கொல்வது எங்ஙனம்? பௌதிக மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

டிராமின் எடைதான் காரணம் என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மை அன்று. பல டன் எடையுள்ள வண்டி ஒரு மனிதனை மோதினால் வண்டியின் வேகம் குறைவதே இல்லை எனலாம். மனிதன்தான் இமைப்பொழுதில் அதன் வேகத்தை அடைகிறான். ஆகவே வண்டி ஐந்து டன்னோ இருபது டன்னோ, அவன் வாங்கும் அடி ஏறத்தாழ ஒன்றே. சக்கரத்தில் சிக்கினால் வேறு கதை.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் எளிதில் விளங்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பேருந்து நிற்குமுன் இறங்குவதை ஒரு கலையாகவே பயின்றுள்ள நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; கால் நின்றுவிடும், தலை நில்லாது. வேகம் 40 ஆனால் உயரம் மூன்று மீட்டர் அன்று, ஆறு மீட்டருக்கும் மேல்! சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அன்றோ?

இனி, நிற்கும் தூரம். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 60 கிலோ உடலுக்குள்ள சக்தி சுமார் 3,700 ஜூல். அதனை அரை மீட்டர் தூரத்தில் இழந்தால் உடல் தாங்கும் சராசரி விசை 7,400 நியூட்டன். ஐந்து சென்டிமீட்டரில் இழந்தால் 74,000! தலைக்கவசத்தின் உள்ளிருக்கும் நுரைப்பொருள் நமக்கு அளிப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தையே. அந்தச் சிறு தூரத்தில்தான் உயிர் இருக்கிறது.

உடல் நின்ற பின்னும் உள்ளுறுப்புகள் ஒரு கணம் ஓடிக்கொண்டிருக்கும். தோலில் கீறல்கூட இன்றி ஈரலும் மண்ணீரலும் கிழிவது இதனாலேயே. தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் ஒரு லிட்டருக்கு மேலும் இரத்தம் தசைக்குள் தேங்கக்கூடும். நமக்குள்ளது மொத்தம் ஐந்து லிட்டர்தான். ஆகவேதான் அவசர சிகிச்சைப் பிரிவில், “எது மோதியது? என்ன வேகம்? எவ்வளவு தூரம் தூக்கி எறிந்தது?” என்று மருத்துவர் கேட்கிறார். பார்த்தவர் சொல்லும் விடை, புண்ணைவிட அதிகம் பேசும்.

கவிஞர் உடனே இறக்கவில்லை; எட்டு நாட்கள் கிடந்தார். இறுதியில் வந்தது நிமோனியா. விலா முறிந்தவருக்கு ஒவ்வொரு மூச்சும் வலி. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமவும் மாட்டார். நுரையீரலில் சளி தேங்கும், கிருமி பெருகும். இன்று விலா முறிந்து வருபவர்க்கு மருத்துவர்கள் வலியை நன்கு அடக்கி, எழுப்பி உட்காரவைத்து, ஆழ்ந்து மூச்சு விடச் சொல்கின்றனர்.