ஆகர்ஷணமின்றி அமையும் ஸ்படிகம்

நானோத் துகள்கள் தாமாகவே அணிவகுத்து ஸ்படிகமாவதைப் பற்றிய செய்திக்குப் பின் வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அறிவற்ற துகளுக்கு ஒழுங்கை யார் கற்பித்தார் என்ற ஒரே வினாவைப் பலவிதமாகக் கேட்பதாலும், ஞாயிறு இணைப்பு இன்றிரவே அச்சேற வேண்டியிருப்பதாலும், நானோ என்றால் எவ்வளவு சிறிது என்பன போன்ற பாலபாடங்களை விட்டுவிட்டு அந்த வினாவுக்கே நேராகப் போகிறேன்.

மனிதர் தலையீடே இல்லை என்று பல்கலைக்கழக அறிக்கைகள் சொல்வதை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. துகள்களின் பருமன் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் வேறுபட்டால் நல்ல ஸ்படிகம் அமைவது அரிது. ஆகவே கரைசலில் மெதனாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பெரிய துகள்கள் முதலில் கலங்கிப் படியும் தருணம் பார்த்துப் பிரித்தெடுத்து, எஞ்சியதில் மறுபடியும் அதையே செய்யும் பொறுமையான கைவேலை முன்னதாக நடந்தாக வேண்டும். 1995இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவெண்டி குழுவினர் காட்மியம் செலினைடு துகள்களை முப்பரிமாண ஸ்படிகமாக்கியதும் இத்தகைய தேர்வுக்குப் பிறகே.

அதன்பின் நிகழ்வதுதான் அற்புதம். ஆகர்ஷணம் சிறிதுமின்றி, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையலாகாது என்ற நிபந்தனை மட்டுமே உடைய கெட்டிக் கோளங்கள் ஸ்படிகமாகுமா என்ற பிரச்சினை, 1957இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கூடிய பௌதிக நிபுணர்களிடையே வாக்கெடுப்புக்கே விடப்பட்டு, சபை சரிபாதியாகப் பிரிந்தது. அதே ஆண்டில் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் கணிப்பொறியில் கோளங்களை மோதவிட்டுப் போட்ட கணக்கு, ஆகும் என்ற பக்கமே சாய்ந்தது. கோளங்கள் இடத்தில் ஏறத்தாழ 49 சதவீதத்தை நிரப்பும்வரை திரவம், 54.5ஐத் தாண்டினால் ஸ்படிகம். நடுவே இரண்டும் கலந்திருக்கும். 1986இல் பியூசியும் வான் மெகனும் அக்ரிலிக் பிளாஸ்டிக் துகள்களைக் கொண்டு இதைச் சோதனையில் காட்டினர்.

என்ட்ரோப்பி என்றால் ஒழுங்கின்மை என்று பாடப்புத்தகங்கள் போதித்துவைத்ததே நம் குழப்பத்துக்கு வேர். அது அளப்பது, துகள்கள் எத்தனை விதமாக இருக்கக்கூடும் என்பதை. கண்டபடி திணித்த கோளங்கள் 64 சதவீதத்திலேயே நெருக்குண்டு அசைவற்றுவிடும். முறையாக அடுக்கினாலோ 74 வரை செல்லலாம். ஆகையால் 60 சதவீதத்தில் நிற்கும் கூட்டத்தில், ஒழுங்காக அமர்ந்த ஒவ்வொரு கோளமும், பந்தியில் வரிசையாக அமர்ந்தவனுக்கே முழங்கையை அசைக்க இடம் கிடைப்பதுபோல, தன்னைச் சுற்றி அதிக வெளியைப் பெறுகிறது. எங்கும் அலையும் உரிமையை இழந்து இருந்த இடத்தில் அசையும் உரிமையை அடைவதில் நஷ்டத்தைவிட லாபமே மிகுதியாவதால், சுதந்திரத்தின் பெருக்கமே ஒழுங்கைப் பிறப்பிக்கிறது! ஆனால் மெய்யான நானோத் துகள்களில் மேற்பரப்பு மூலக்கூறுகளின் ஈர்ப்பும் மின்னேற்றமும் சேர்ந்தே வேலை செய்வதால், என்ட்ரோப்பியே சகலமும் என்று சாதிக்க மாட்டேன்.

இனி மற்ற வினாக்கள். இயற்கையில் உதாரணம் உண்டா? உண்டு, ஓபல் கல். அதன் வர்ணங்களுக்குக் காரணம் சம பருமனுள்ள சிலிக்கா உருண்டைகளின் அடுக்கே என்று 1964இல் சாண்டர்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். விரும்பிய அமைப்பைப் பெறலாமா? தங்கத் துகள்களில் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து, 2008இல் மிர்க்கின் குழுவினர் இருவகை ஸ்படிகங்களை அமைத்தனர். அவசரப்படுத்தலாமா? கரைப்பான் விரைந்து ஆவியானால் ஒழுங்கற்ற திரளே மிஞ்சும். நஞ்சா? காட்மியம் நஞ்சுதான். கடைக்கு எப்போது வரும்? பழுதின்றிப் பெரிதாக வளர்ப்பதே இன்னும் கடினமாக இருக்கையில், அறிக்கைகள் தரும் தேதிகளை நான் நம்பவில்லை.