ஸ்லோ நிற்காத எஞ்சின்

கன்னியாகுமரிக் கடற்கரையில் வள்ளம் கரை பிடிக்கும் நேரத்தில்தான் வெளிப்பொருத்து எஞ்சினின் உண்மையான குணம் தெரியவரும். கடலில் முழு வேகத்தில் குறையில்லாமல் ஓடிய எஞ்சின், அலை உடையும் இடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்ததும் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோகிறது. அந்த நேரம் பார்த்து வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் கவிழவும் கூடும். ஆகவே, ‘ஸ்லோ நிக்கல’ (குறைந்த வேகத்தில் நிலைத்து ஓடவில்லை) என்பதைச் சில்லறைக் கோளாறாக நினைக்கக் கூடாது. ஆனால் இதற்குச் சட்டென்று செய்யப்படும் வைத்தியம், ஸ்லோ ஸ்குரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிடுவதுதான். அந்த ஸ்குரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்கிறேன்.

‘ஃபுல்லில் நன்றாக ஓடுகிறதே, பிறகு கார்புரேட்டரில் என்ன கோளாறு இருக்க முடியும்?’ என்று கேட்பார்கள். கார்புரேட்டரில் எரிபொருள் போக ஒரே வழி இல்லை. வேகமாக ஓடும்போது மெயின் ஜெட் ஊட்டுகிறது. மெதுவாக ஓடும்போது ஸ்லோ ஜெட். சிறிய எஞ்சின்களில் இந்த ஸ்லோ ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும்போது முதலில் அடைபடுவது இதுதான். ஃபுல்லில் நன்றாக ஓடுவதே ஸ்லோ ஜெட்டைச் சந்தேகிக்கக் காரணம். மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இன்னொரு சங்கடம் உண்டு. கிளப்பவும் கரை சேரவும் மட்டும் பெட்ரோல் என்பதால், கேனில் இருக்கும் கொஞ்சப் பெட்ரோல் வாரக்கணக்கில் கிடக்கும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. எஞ்சின் தடுமாறும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். நிதானமாகிவிட்டால் எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம்: ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டர் கேஸ்கட் வழியாகக் காற்று புகுந்திருக்கும். இன்னும் மோசமானால் எரிபொருள் கூடுதலாக வருகிறது. நிற்கப்போகும் சமயம் எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கியதும் உயிர் வந்தால், பம்பையோ குழாய் இணைப்பையோ பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. இரண்டுமே அப்படியிருந்தால் மண்ணெண்ணெயையும் யோசிக்க வேண்டும். போதிய சூடில்லாமல் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஸ்லோவில் நெடுநேரம் ஓடினால் எஞ்சின் ஆறி, பிளக் நனையும். கரையை நெருங்கும் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுவது இதற்காகத்தான். ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பியை விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிடும். கிளீனர் ஊற்றி ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சோக் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது. ஸ்குரூவைத் திருகி ஏற்றிய வேகமோ ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் ‘டங்’ என்று கேட்கும். கியர்ப் பெட்டிக்குள் ஒன்றையொன்று கவ்வும் பற்களின் விளிம்பு அந்த அடியில் மழுங்குகிறது. நாளடைவில் பாரம் ஏறியதும் கியர் நழுவும். அப்போது ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஜெட்டின் விலை ஒன்றுமே இல்லை. ஸ்குரூவுக்கும் வேலை உண்டு, மறுக்கவில்லை. ஜெட்டும் பிளக்கும் சுத்தமான பிறகு, எஞ்சின் சூடேறி, தண்ணீரில் இருக்கும்போது கையேடு சொல்லும் சுழற்சிக்கு வைக்கத்தான் அது. கம்ப்யூட்டர் வழியாக எரிபொருள் தெளிக்கும் புதிய ஃபோர்ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்தத் திருகல் வேலையே கிடையாது. அவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. மற்ற எஞ்சின்களை, சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, குளிர்ச்சிக்குத் தண்ணீர் கிடைக்கும்படி வைத்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் பெரும்பாலும் வற்றிவிடும். பிசின் படிய அதிகப் பெட்ரோல் மிஞ்சாது.