வேம்பும் கொசுவும்

எங்கள் படிப்பு மையத்தில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, தினமும் வேப்பிலைப் புகை போடுகிறேன். ஆனாலும் கொசு கடிக்கிறதே, ஏன்?"

நல்ல கேள்வி. வேப்பிலைப் புகை கொசுவை விரட்டும். கொல்லாது. புகை அடங்கியதும் கொசு திரும்பி வரும். புகை நமக்கும் நல்லதல்ல. கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறும். இழுப்பு உள்ளவர்களுக்கு நோய் கூடும்.

அப்படியானால் வேம்பால் பயன் இல்லையா? உண்டு. அறிந்து பயன்படுத்த வேண்டும்.

கொசு ஏன் கடிக்கிறது?

பெண் கொசு மட்டுமே கடிக்கும். முட்டை இட அதற்கு இரத்தம் வேண்டும். நோயாளியைக் கடித்த கொசு, பிறகு நம்மையும் கடிக்கும். நோய் இப்படித்தான் பரவுகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டுபிடித்தார். நம் நாட்டில், செகந்திராபாத்தில் அவர் இதைக் கண்டார்.

பூசிக்கொள்ளும் எண்ணெய்

டில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்தார்கள். அதை உடலில் பூசினார்கள். 12 மணி நேரம் மலேரியாக் கொசு கடிக்கவில்லை. இந்த முடிவு 1993-இல் வெளியானது.

நாமும் கலக்கலாம். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி வேப்பெண்ணெய் போதும். அது அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. மாலையில் கை கால்களில் பூசுங்கள். கண்ணிலும் புண்ணிலும் படக் கூடாது. அரிப்பு வந்தால் கழுவி விடுங்கள்.

எல்லாக் கொசுவும் இதற்கு அஞ்சாது. ஆகவே கொசு வலையும் வேண்டும்.

எச்சரிக்கை! குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டாதீர்கள். அப்படிப் புகட்டியதால் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. உயிரும் போயிருக்கிறது.

பூவில் ஒரு மருந்து

செவ்வந்தி இனத்தில் ஒரு வெள்ளைப் பூ உண்டு. அதன் சாற்றுக்குப் பைரித்ரம் என்று பெயர். அது கொசுவின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். நோய் பரவிய இடங்களில் சுகாதார ஊழியர்கள் இதை மண்ணெண்ணெயில் கலந்து வீட்டுக்குள் அடிப்பார்கள். அவர்கள் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். நாமாக அடிக்கக் கூடாது.

கொசுவர்த்திச் சுருளையும் முதலில் இந்தப் பூவின் தூளில்தான் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கை மருந்து சேர்க்கிறார்கள். மூடிய அறையில் அதைக் கொளுத்தாதீர்கள்.

பிறக்கும் இடத்தில் தடுப்போம்

கொசு தண்ணீரில் முட்டை இடும். முட்டை புழுவாகும். புழு கொசுவாகும். இதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

வேம்பின் சத்து புழுவை வளர விடாது. மதுரையில் 1990-களில் விஞ்ஞானிகள் நெல் வயலில் வேப்பம் புண்ணாக்கு இட்டுப் பார்த்தார்கள். கொசுப் புழு குறைந்தது. குடிநீரில் மட்டும் புண்ணாக்கைப் போடக் கூடாது.

டெங்குக் கொசு வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில் பிறக்கும். பகலில் கடிக்கும். வாரம் ஒரு நாள் தொட்டியையும் குடத்தையும் காலி செய்யுங்கள். தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். பழைய டயர், சிரட்டை, உடைந்த பானை எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால்?

அந்த அக்காவின் மகனுக்கு ஒருமுறை குளிர் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் வேப்பிலைக் கஷாயம் கொடுத்தார். காய்ச்சல் விடவில்லை. பையன் துவண்டு போனான். பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா! மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் கொடுத்தார். பையன் பிழைத்தான்.

"முதல் நாளே போயிருக்க வேண்டும்" என்கிறார் அக்கா.

வேம்பு கொசுவை விரட்டும். மலேரியாவைக் குணமாக்காது. அரசு சுகாதார நிலையத்தில் மலேரியா இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். காய்ச்சல் என்றால் காத்திருக்காதீர்கள். உடனே போங்கள்.