கருப்பைவாய்ப் புற்றுநோய்: வைரஸின் வகையை அறிவோம், வெட்கத்தால் தாமதிக்க வேண்டாம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மனுக்கள் மனத்தை மிகவும் வருத்துகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோய் முற்றிய பிறகே வருகின்றன. "முன்பே ஏன் காட்டவில்லை?" என்று கேட்டால், "இதை எப்படி வெளியில் சொல்வது?" என்பார்கள். அந்தத் தயக்கம் நீங்கவே இதை எழுதுகிறேன்.

இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் மருத்துவ அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. திருமணமான ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றக்கூடும். ஆனால் புற்றுநோய் வருவது மிகச் சிலருக்கே. ஏன்?

எச்.பி.வி. ஒரே வைரஸ் அல்ல. மரபணு வேறுபாட்டின்படி 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகள் கை கால்களில் மரு உண்டாக்குவதோடு சரி. 6, 11 ஆகிய வகைகள் மறைவிடத்தில் மரு உண்டாக்கும். புற்றுநோயாவது மிக அரிது. 16, 18 ஆகிய இரண்டு வகைகளே உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பத்தில் ஏழுக்குக் காரணம்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? வைரஸில் இ6, இ7 என்ற இரண்டு மரபணுக்கள் உண்டு. நம் உடல் செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் புரதங்கள் சில உள்ளன. 16, 18 வகைகளின் இ6, இ7 அந்தக் காவலை முறித்துவிடும். 6, 11 வகைகளில் அந்த வலிமை குறைவு.

16-ஆம் வகைக்குள்ளும் கிளைகள் உண்டு. அவற்றில் சில கூடுதல் ஆபத்தானவை. 5,000-க்கும் மேற்பட்ட பெண்களின் வைரஸை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. புற்றுநோய் கண்டவர்களிடம் இருந்த வைரஸில் இ7 மரபணு ஏறத்தாழ மாற்றமின்றியே இருந்தது. அந்த மரபணு சிறிது மாறினாலும் வைரஸின் புற்றுநோய் ஆற்றல் குன்றுகிறது என்பது இதன் பொருள்.

ஆபத்தான வகை தொற்றினாலும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே நீக்கிவிடும். நீங்காமல் தங்கினால்தான் ஆபத்து. அதுவும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் அவகாசம் இது.

இந்த அவகாசத்தைப் பயன்படுத்திய சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி எளிய பரிசோதனை செய்தனர். ஒரே ஒரு முறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணம், மற்ற பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் வெளியான முடிவு காட்டியது.

ஆகவே, 30 வயதைக் கடந்த சகோதரிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண் செவிலியரையே கேட்கலாம். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ வயதைப் பாராமல் உடனே காட்டுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி உண்டு. 16, 18 வகைகளை அது தடுக்கிறது. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லா வகைகளையும் அது தடுக்காது என்பதால், ஊசி போட்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பரிசோதனையில் வைரஸ் தென்பட்டால் மனைவியைச் சந்தேகிக்காதீர்கள். இது பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. நீங்களே அழைத்துச் சென்று வாசலில் காத்திருங்கள். அதுவே அவருக்குப் பெரிய தைரியம்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வெட்கம் ஈமானின் ஓர் அங்கம்தான். ஆனால் உயிர் காக்கும் பரிசோதனைக்கு அது தடையாகக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்