கண்ணாடியைக் கரைக்கும் அமிலம்

அமிலங்களை வன்மை மிக்கவை, வன்மை குறைந்தவை என இரு வகையாகப் பிரிப்பர். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் வன்மை குறைந்தது. ஹைட்ரோபுளோரிக் அமிலமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஆயினும், தொழிற்சாலைகளில் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்படும் அமிலங்களுள் இதுவும் ஒன்றாகும். அதற்குக் காரணம் என்ன?

'வன்மை குறைந்தது' என்றால் தீங்கற்றது என்று பொருளன்று. நீரில் கரையும்போது அந்த அமிலத்தின் மூலக்கூறுகளுள் ஒரு பகுதி மட்டுமே அயனிகளாகப் பிரிகின்றன என்பதே அதன் பொருள்.

புளோர்ஸ்பார் எனும் கனிமத்தைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரஜன் புளோரைடு கிடைக்கிறது. இதன் கொதிநிலை ஏறத்தாழ 19.5 பாகை செல்சியஸ். எனவே, நம் நாட்டு வெப்பநிலையில் இது வாயுவாகவே இருக்கும். இதனை நீரில் கரைத்தால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகிறது. பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே நிறமற்று இருக்கும் இவ்வமிலம் கண்ணாடியையே கரைத்துவிடும். ஆதலால், இதனைப் பாலிஎத்திலீன் போன்ற நெகிழிக் கலன்களில் சேமிக்கின்றனர்.

கண்ணாடியின் முதன்மைப் பொருள் சிலிக்கன் டையாக்சைடு. மின்னணுச் சில்லுகள் செய்யப்படும் சிலிக்கன் தகட்டின்மேலும் இப்பொருள் மெல்லிய படலமாக அமைகிறது. தேவையற்ற இடங்களில் உள்ள படலத்தை இவ்வமிலம் அகற்றுகிறது. அடியில் உள்ள சிலிக்கனை அது பெரிதும் பாதிப்பதில்லை. 1972ஆம் ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் உருவானது முதல் சில்லுகளைப் பொருத்துதல், சோதித்தல் ஆகிய பணிகள் அங்கு வளர்ந்தன. பினாங்கிற்கு அண்மையில், கெடா மாநிலத்தின் கூலிமில், சிலிக்கன் தகட்டிலேயே சில்லுகளை உருவாக்கும் ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளுக்கு இவ்வமிலம் இன்றியமையாதது.

இவ்வமிலம் தோலில் பட்டால், அயனிகளாகப் பிரியாத மூலக்கூறுகள் எளிதில் உள்ளே ஊடுருவுகின்றன. பின்னர், புளோரைடு அயனிகள் உடலிலுள்ள கால்சியத்துடன் பிணைகின்றன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவு மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும். செறிவு குறைந்த அமிலம் பட்டால் உடனே வலி தோன்றாமல், பல மணி நேரம் கழித்தே தோன்றலாம். வலி இல்லையே என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

ஆகவே, அமிலம் பட்டவுடன் உடையைக் களைந்து, அவ்விடத்தை ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிறகு, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவ வேண்டும். அதிலுள்ள கால்சியம் புளோரைடு அயனிகளைப் பிணைத்துக்கொள்ளும். வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், தென்கொரியாவின் கூமி நகரில், கொள்கலனிலிருந்து ஹைட்ரஜன் புளோரைடை மாற்றும்போது கசிவு ஏற்பட்டது. ஐவர் உயிரிழந்தனர். சுற்றுவட்டாரப் பயிர்கள் கருகின. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவியை நாடினர். அங்குப் பணியாற்றியவர்கள் உரிய பாதுகாப்பு உடை அணிந்திருக்கவில்லை.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பணியாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. இரசாயனக் கலன்களில் அபாயக் குறியீடு இடம்பெற வேண்டும். பாதுகாப்புத் தரவுத்தாளும் வழங்கப்பட வேண்டும். துருக்கறை நீக்கும் சில திரவங்களிலும் இவ்வமிலம் கலந்திருப்பதுண்டு. எனவே, இல்லத்திலும் சிட்டையைப் படித்த பின்னரே கலனைத் திறக்க வேண்டும். ஒரு பொருளின் பண்பை அறிந்தவரே அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலும்.