மணமகள் முக்காடும் எழுத்தும்

துப்பட்டா என்னும் சொல் ‘இரண்டு அகலத் துணி’ என்னும் பொருளுடைய இந்திச் சொல்லாகும். தமிழில் அது துப்பட்டி எனத் திரிந்து போர்வையைக் குறித்தது. தமிழ் முஸ்லிம் மகளிர் வெளியே செல்லுங்கால் போர்த்துக்கொண்ட வெள்ளைத் துணிக்கும் அதுவே பெயராயிற்று. போர்வையாகிய இத்துணி, வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மணமகளின் தலைமேல் முக்காடாக அமையும்போது தனிச்சிறப்புப் பெறுகின்றது. அம்முக்காட்டின் ஓரத்தில் எழுத்துகளைப் பொன்னிழையால் தைக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. ஆடை வணிகர் இதனைப் புதுமை என்று போற்றுவர். மொழியாராய்ச்சி உடையார்க்கோ, அவ்வெழுத்துகள் யாருடைய கூற்று என்னும் வினாவே முதற்கண் எழும்.

எழுத்துத் தைக்கப்படுவதற்கு முன்னரும் மணத்துணி வாய்பேசாப் பொருளாய் இருந்ததில்லை. பஞ்சாபில் கதர்த்துணிமேல் முறுக்கற்ற பட்டு நூலால் பூவேலை செய்யும் புல்காரிக் கலை பெயர் பெற்றது. அவ்வகையுள் ‘சோப்’ எனப்படும் செந்நிறத் துணியை மணமகளின் தாய்வழிப் பாட்டி தைத்தளிப்பாள். மணச்சடங்கின் மங்கல நீராட்டுக்குப் பின்னர் மணமகளை அதனால் போர்த்துவர். வேறு சில புல்காரித் துணிகளில், நிரம்பிய கோலத்தின் ஒரு மூலையில் மட்டும் நிறம் மாற்றிச் சிறு பூவொன்று தைப்பர். கண்ணேறு கழித்தல் அதன் நோக்கம். குசராத்தில் வெண்ணிறமும் செந்நிறமும் கலந்த பானேத்தர் தாய்மாமன் சீராகவும், கட்டமிட்ட கர்ச்சோளா மணமகன் வீட்டார் கொடையாகவும் வரும். முன்னதை உடுத்து மணப்பந்தலுக்கு வருபவள் பின்னதைப் போர்த்து மனைவியாகின்றாள். இன்னார் மகள், இன்னார் மருமகள் என்பதனை இத்துணிகள் எழுத்தின்றியே அறிவித்தன.

இனி எழுத்துடைய முக்காடுகளை நோக்குவோம். உலகறிந்த மூன்று திருமணங்களில் காணப்பட்டவை, நம் இலக்கணம் கூறும் மூவிடத்திற்கும் ஒவ்வொன்று எடுத்துக்காட்டாக அமைந்துள்ளன.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் நடிகை தீபிகா படுகோனின் திருமணம் நிகழ்ந்தது. அவர் அணிந்த சிவப்புத் துப்பட்டா கொல்கத்தா ஆடைக்கலைஞர் சப்யசாசி முகர்ஜியின் பணிமனையில் உருவானது. அதன் ஓரத்தில் ‘சதா சௌபாக்யவதீ பவ’ என்னும் வாழ்த்துத் தேவநாகரியில் தைக்கப்பட்டிருந்தது. ‘பவ’ என்பது முன்னிலை ஏவல் வினை. அடிபணியும் பெண்ணை நோக்கி முதியோர் கூறும் தொடர் இது. சௌபாக்கியம் என்பது ஈண்டுப் பொதுவாகிய நலத்தைக் குறிப்பதன்று. கணவன் உயிருடன் இருத்தலாகிய மங்கலத்தையே சிறப்பாகக் குறிக்கும். கைம்பெண்ணை நோக்கி இவ்வாழ்த்து மரபில் எழுவதில்லை. இதனை மறந்து ‘நலம் பெறுக’ என்று மட்டும் பொருள் கூறுவார் சொல்லின் பாதியையே கண்டவராவர்.

இத்தகைய வாழ்த்து நமக்குப் புதியதன்று. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி, கொண்டவன் விரும்பிப் பேணும் தன்மையளாகுக என வாழ்த்துகின்றனர். வாழ்த்தும் முன்னிலை நோக்கியது. அதன் மையமும் கணவனே. அப்பாட்டிலும் மணமகள் கோடித் துணிக்குள் உடல் ஒடுங்கி முகம் புதைத்திருக்கின்றாள். 136-ஆம் பாட்டிலும் அவள் புத்தாடையால் உடல் முழுவதும் போர்த்திருக்கின்றாள். இரண்டும் தலைவன் கூற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. முதற்பாட்டில் தலைவன் அவள் முகத்தை மூடிய துணியை நீக்கி, நின் நெஞ்சில் நினைந்ததை மறையாது கூறுக என்று கேட்கின்றான். அவளோ மகிழ்ச்சியோடு தலைகவிழ்கின்றாள். விடையாக ஒரு சொல்லும் இல்லை. உரையாசிரியர் இதனை நாணம் என்பர். நாணமாகலாம், எனினும் துணிக்குள் இருப்பவளின் சொல் நமக்குக் கிட்டாமற்போனது உண்மை.

அச்சொல் இன்று கிட்டுகின்றதா? 2021 நவம்பரில் சண்டிகரில் மணந்த நடிகை பத்ரலேகாவின் முக்காட்டில், அதே பணிமனையில் தைத்த வங்காளத் தொடர் ஒன்று இருந்தது. உயிர் நிறைந்த தன் அன்பைத் தலைவனிடம் ஒப்படைத்தல் அதன் கருத்து. வினைமுற்றுத் தன்மை ஒருமையது; அதுவும் இக்காலப் பேச்சு வங்காளத்து வடிவன்றிப் பழைய நூல்நடையாகிய சாது வழக்கின் வடிவு. ஒப்படைக்கப்படுவது அவளல்லள், அவள் அன்பே என்னும் வேறுபாடு கருதத்தக்கது. கன்னிகாதானம் என்னும் சடங்கில் தந்தை கொடுப்பவன், மகள் கொடுக்கப்படும் பொருள். இத்தொடரிலோ அவளே எழுவாய். மூன்றனுள் இதுவே சிறந்தது என்பது என் கருத்து.

2023 செப்டம்பரில் உதயப்பூரில் மணந்த பரினீதி சோப்ராவின் முக்காட்டைச் செய்தவர் மனீஷ் மல்கோத்ரா. அதன் பின்புறத்தில் கணவர் பெயர் தேவநாகரியில் இருந்தது. வினையில்லை; படர்க்கைப் பெயர் ஒன்று மட்டுமே. கணவன் பெயரை மனைவி வாயாற் கூறலாகாது என்ற கட்டுப்பாடு வடக்கிலும் தெற்கிலும் நெடுங்காலம் நிலவியது. மருதாணிக் கோலத்துள் அவன் பெயரை மறைத்தெழுதி அவனையே தேடச் செய்தலும் வடநாட்டு வழக்கம். மறைந்திருந்த பெயர் இங்கே வெளிப்பட்டது. ஆயினும் பெயர் பொறித்தல் அன்பின் அடையாளமோ உடைமையின் அடையாளமோ என்னும் ஐயம் எழாமல் இல்லை.

தைக்கும் முறையையும் ஒருவாறு அறிதல் வேண்டும். பொன்னிழை வேலைக்குச் சர்தோசி என்று பெயர். சர் பொன், தோசி தையல் எனப் பாரசீகத்தில் பொருள்படும். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கோலம் வரைந்த தாளில் ஊசித்துளை இட்டு, வண்ணப்பொடிக் கரைசலை அதன்மேல் தேய்ப்பர். துளை வழியே இறங்கிய புள்ளிகளே தையலுக்கு வழிகாட்டி. இம்முறையில் எழுத்தும் பூவும் ஒன்றே. அம்மொழி அறியாத கையும் அதனைப் பிழையின்றித் தைத்தல் கூடும். கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மானதசுந்தரி என்பவரின் காந்தாத் துணி இதனின் வேறுபட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அவர் தம் தந்தைக்கென அதனைத் தாமே தைத்து, அச்செய்தியையும் அதிலேயே எழுத்தாகத் தைத்துள்ளார். கூற்றும் கையும் ஒருவருடையனவாதல் அங்கே தெளிவு.

முக்காட்டெழுத்து நெற்றியோரத்திலும் முதுகுப்புறத்திலும் அமைவதால், விருந்தினரும் ஒளிப்படக் கருவியும் அதனைப் படிக்க, அணிந்தவள் மட்டும் மணவேளையில் படிக்க இயலாதவளாகின்றாள். மெல்லிய துணியாயின் உள்ளிருந்து நோக்குபவளுக்கு எழுத்து இடவலம் மாறியே தோன்றும். பாட்டி தைத்த சோப்பில் இவ்விடர் இல்லை. அதன் தையல் இருபுறமும் ஒரே தோற்றமுடையதாகும்படி ஊசியை முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டி முடிப்பர்.